இடது தோள்

வடக்கிலிருந்து வரும் விமானம் மாண்ட்ரியலில் வந்து நின்று சரக்கு அறைக் கதவைத் திறந்தாலே, உள்ளே என்ன இருக்கிறதென்று மார்குசிக்குத் தெரிந்துவிடும். உறைந்த மான் இறைச்சிக்கு ஒரு வாசனை உண்டு. இரும்பும் பாசியும் கலந்த வாசனை. கூட வேலை செய்பவர்களுக்கு அது வெறும் அட்டைப்பெட்டி. அவனுக்கு மட்டும் அது ஊர்.

இருபத்திரண்டு வருடங்களாக அந்தப் பெட்டிகளை இறக்கிக்கொண்டிருந்தான். ஆஸ்பத்திரியில் கிடக்கும் தம்பிக்கு, படிக்கப் போன மகளுக்கு, நகரத்தில் வாழ்க்கைப்பட்ட அக்காவுக்கு என்று வடக்கே இருப்பவர்கள் அனுப்பும் பெட்டிகள். ஒவ்வொன்றின் மேலும் ஒட்டுநாடாவில் கறுப்பு மையால் ஒரு பெயர் எழுதியிருக்கும். எத்தனை ஆயிரம் பெட்டி தூக்கினானோ, அவன் பெயர் எழுதிய பெட்டி ஒன்றுகூட வந்ததில்லை. அவன் பெயருக்கு வருடத்துக்கு ஒருமுறை வந்ததெல்லாம் ஒரு சின்னப் பொட்டலம். உள்ளே சீல் என்னும் கடல்நாயின் தோலில் தைத்த ஒரு ஜோடிக் கையுறை இருக்கும். அனுப்புகிறவள் அக்கினிசி.

அக்கினிசி அவனைப் பெற்றவள் அல்ல. அவன் தொப்புள்கொடியை அறுத்தவள்.

அவன் பிறந்த அன்று வடகோடிக் கங்கிர்சுக் ஊரையே பனிமூட்டம் விழுங்கியிருந்தது. அவன் அம்மாவை ஏற்றிப்போக வேண்டிய விமானம் வரவில்லை. பக்கத்து வீட்டு அக்கினிசிக்கு அப்போது இருபத்து நாலு வயது. துணி வெட்டும் கத்தரிக்கோலைக் கொதிநீரில் போட்டெடுத்துக் கொடியை அறுத்தாள். அந்த நொடியிலிருந்து, ஊர் வழக்கப்படி, அவள் அவனைச் 'செய்தவள்' ஆனாள். 'நான் செஞ்சவனே' என்று அவள் அவனைக் கூப்பிட வேண்டும். 'கொடித்தாயி' என்று அவன் அவளைக் கூப்பிட வேண்டும். அவன் வளர வளர உடுப்பும் கையுறையும் தைத்துக் கொடுப்பது அவள் பொறுப்பு. அவன் பொறுப்பு ஒன்றே ஒன்றுதான். வேட்டையில் அவன் கையால் முதன்முதலாக விழும் உயிரை முழுதாக அவள் காலடியில் கொண்டுவந்து வைக்க வேண்டும். அதில் ஒரு துணுக்கைக்கூட அவன் தின்னக் கூடாது. அவள்தான் அறுப்பாள், ஊருக்குப் பங்கு போடுவாள், 'இவனைச் செஞ்சது நான்' என்று தலை நிமிர்ந்து சொல்வாள்.

அக்கினிசி பதினாறு ஆண்பிள்ளைகளுக்குக் கொடி அறுத்தவள். பதினைந்து பேர் கொண்டுவந்து வைத்துவிட்டார்கள். ஒருவன் வாத்து, ஒருவன் சீல், ஆறு வயதில் ஒருவன் உள்ளங்கை அளவு மீன்கூட. பதினாறாவதுதான் மார்குசி.

"ஏண்டி அக்கினிசி, அவனுக்கு அறுத்த கத்தரிக்கோல் மொக்கையா இருந்திருக்குமோ?" என்று அவள் தோழி சியாசி ஊர் நடுவில் கேட்பாள்.

"கத்தரிக்கோலுக்கு என்ன கேடு? மானுதான் இன்னும் பொறக்கல," என்பாள் அக்கினிசி. சிரித்துக்கொண்டேதான் சொல்வாள். ஆனால் வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள்.

மார்குசி வேண்டுமென்றா செய்தான்? ஐந்து வயதில் அம்மாவோடு மாண்ட்ரியலுக்கு வந்துவிட்டான். இருபதாவது வயதில் ஒருமுறை ஊருக்குப் போய், கடன் வாங்கிய துப்பாக்கியால் வாத்தைச் சுட்டான். வாத்து பறந்துவிட்டது. மாமன் படகில் ஓட்டை விழுந்தது. ஊரே கரையில் நின்று வயிறு வலிக்கச் சிரித்தது. நல்ல மனதோடு சிரித்த சிரிப்புதான். ஆனால் அந்தச் சிரிப்பு அவன் காதுக்குள் இருபத்தாறு வருடம் கேட்டுக்கொண்டே இருந்தது. அதன் பிறகு சாவுக்கு மட்டும் ஊருக்குப் போனான். கையுறைகள் மட்டும் தவறாமல் வந்தன, ஒவ்வொரு வருடமும் அளவு பிசகாமல்.

பிறகு அக்கினிசிக்குச் சிறுநீரகம் கெட்டது. வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். அந்த இயந்திரம் ஊரில் இல்லை. வடக்கிலிருந்து சிகிச்சைக்கு வருகிறவர்கள் தங்கும் விடுதியில், விமான நிலையத்துக்குப் பக்கத்திலேயே வந்து சேர்ந்தாள். மார்குசி வேலை செய்யும் இடத்திலிருந்து காரில் பத்து நிமிடம். அந்தப் பத்து நிமிட தூரத்தை அவன் மூன்று வருடத்தில் எத்தனை முறை கடந்தான் தெரியுமா? நாலே முறை! வெறுங்கையோடு அவள் முகத்தில் விழிக்க அவனால் முடியவில்லை.

நாலாவது முறை போனபோது அவள் வாயைத் திறந்து காட்டினாள். "எண்ணிப் பாரு, நான் செஞ்சவனே. ஏழு பல்லு பாக்கி. இதுவும் கொட்டினப்புறம் மானைக் கொண்டாந்தா நான் என்ன செய்ய? நக்கியா பாக்கறது?"

அந்த மார்ச்சில் அவன் விடுப்பு எடுத்துக்கொண்டு கங்கிர்சுக்குப் போனான். அக்கா புருஷன் லூக்காசி அவனைப் பனிவண்டியின் பின்னால் உட்காரவைத்து இரண்டு நாள் தூரம் உள்ளே கூட்டிப்போனான். லூக்காசி அதிகம் பேசாதவன். மச்சானின் படகுக் கதையை ஒருநாளும் இழுக்காதவன்.

இரண்டாம் நாள் மதியம் ஒரு சரிவில் கரிபு மான்கள் பாசி கிளறிக்கொண்டு நின்றன. லூக்காசி தனக்கொன்றை ஒரே குண்டில், கழுத்தில் சாய்த்தான். மார்குசி கையுறையைக் கழற்றிப் பல்லில் கவ்விக்கொண்டு சுட்டான். ஒன்று, இரண்டு, மூன்று. சின்ன மான் அது. முன்னங்காலை மடித்து, ஏதோ யோசிப்பதுபோல் நின்று, பிறகு விழுந்தது. மூன்று குண்டும் இடது தோளில் ஒரே இடத்தில் பாய்ந்து எலும்பை நொறுக்கியிருந்தன.

மார்குசி மண்டியிட்டு அழுதான். நாற்பத்தாறு வயது ஆண்பிள்ளை, மூக்கு ஒழுக, தேம்பித் தேம்பி அழுதான். லூக்காசி வேறு பக்கம் திரும்பி சிகரெட் பற்றவைத்துக்கொண்டான்.

ஊர் திரும்பியதும் முதல் காரியமாக விடுதிக்குப் போன் போட்டான்.

"கொடித்தாயி, விழுந்துருச்சு."

மறுமுனையில், "என்னது? வாத்தா, படகா?"

"மானு!"

"எங்க அடிச்ச?"

"இடது தோள்ல. மூணு குண்டு."

"மூணா? மானை அடிச்சியா, சல்லடை செஞ்சியா?" என்று சிரித்தவள் குரல் சட்டென்று உடைந்தது. "அந்தத் தோளை எறிஞ்சிராதே. எனக்கு அதான் வேணும். குண்டு பட்ட எடத்தை என் கையால தடவிப் பாக்கணும். ஞாயித்துக்கிழமை எல்லாப் பொம்பளைங்களையும் கூப்பிடப் போறேன். சியாசியும் கண்ணு ஆபரேஷனுக்கு இங்கதான் வந்து கெடக்கா. அவளை முன்னாடி உக்கார வைக்கறேன், கண்ணைக் கட்டியிருந்தாலும் பரவால்ல!"

லூக்காசி மூட்டு மூட்டாகப் பிரித்து வைத்ததும் சின்ன மான் ஒரு பெட்டிக்குள் அடங்கிவிட்டது. ஒட்டுநாடாவில் 'மார்குசி' என்று அவனே எழுதினான். எழுத்து கோணியது. கிழித்துவிட்டு மறுபடி எழுதினான். லூக்காசி தன் மானை வெட்டி இன்னொரு பெட்டி நிறையக் கொடுத்தான். "இது வழிக்கும் உன் வீட்டுக்கும், மச்சான். உன்னுது அவளுக்கு. மாத்திப் பிரிச்சுராதே."

"பிரிப்பேனா?" என்றான் மார்குசி.

சின்ன விமானம் கூஜுவாக் ஊர் வரை கொண்டுவந்து விட்டது. மாண்ட்ரியல் போகும் பெரிய விமானம் கிளம்பவில்லை. பனிப்புயல். இரண்டு நாள் ஒரு விமானமும் எழும்பாது என்றார்கள். பயணிகள் இருபது பேரையும் ஒரு பள்ளிக்கூடத்து விளையாட்டுக் கூடத்தில் தங்கவைத்தார்கள். பெட்டிகள் வெளியே நடையில் கிடந்தன. அந்தக் குளிரில் இறைச்சிக்கு ஒன்றும் ஆகாது. ஆனது மனிதனுக்குத்தான்.

இரண்டாம் நாள் மத்தியானம் எல்லோரும் ஒரே மாதிரி ரொட்டியைத் தின்று அலுத்துப்போய் உட்கார்ந்திருந்தார்கள். புத்துலிக் என்றொரு ஆள். மலைபோல் உடம்பு, அதைவிடப் பெரிய வாய். மார்குசியின் நகரத்துச் சட்டையைப் பார்த்தான், பளபளக்கும் பூட்ஸைப் பார்த்தான்.

"அண்ணே, வெளிய ஒரு பெட்டியில 'மார்குசி'ன்னு போட்டிருக்கே, நீங்கதானா? உள்ள என்ன, பீட்சாவா?"

கூடம் சிரித்தது. படகின் ஓட்டை மார்குசியின் காதுக்குள் திறந்துகொண்டது.

"மானு," என்றான்.

"யாரு அடிச்சது? ஊர்ல இருக்கற மச்சானா?"

வாசகர்களே, இந்த இடத்தில் அவன் எழுந்து போய் லூக்காசியின் பெட்டியைத் திறந்திருந்தால் இந்தக் கதையே இல்லை. 'ஆமாம், மச்சான் அடிச்சது' என்று ஒரு வார்த்தை. ஆனால் வாழ்நாளில் ஒருமுறை, ஒரே ஒருமுறை, தன் கையால் விழுந்ததைத் தன் ஜனங்களின் நடுவில் வைத்துப் பார்க்க வேண்டும் என்று அந்தப் பாவி மனசு துடித்தது. நடைக்குப் போய், தன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து, பெயர் எழுதிய நாடாவைக் கிழித்தான்.

"நான் அடிச்சது."

தரையில் அட்டையை விரித்தார்கள். பெண்கள் பிறை வடிவக் கத்திகளை எடுத்தார்கள். சமைக்காமல் அப்படியே சீவித் தின்னும் உறைந்த இறைச்சி மரம்போல் கிடந்தது. ஒரு பெண்பிள்ளை முதல் சீவலை எடுக்கக் கையை ஓங்கியவள், என்ன தோன்றியதோ, நிறுத்திக் கேட்டாள்:

"இது முதல் வேட்டை ஒண்ணும் இல்லையே, அண்ணே?"

அவ்வளவுதான். தெய்வமே வந்து கேட்டதுபோல் கேட்டுவிட்டாள். 'ஆமாம்' என்றால் போதும். இருபது பேரும் கையை இழுத்துக்கொள்வார்கள். புத்துலிக்கே பெட்டியை மடித்துக் கட்டிக் கொடுத்திருப்பான். முதல் வேட்டையைத் தொட அந்தக் கூடத்தில் யாருக்கும் துணிச்சல் வராது. ஆனால் நாற்பத்தாறு வயதில் முதல் வேட்டை என்று எந்த வாயால் சொல்வது?

"சேச்சே," என்றான் மார்குசி. "எத்தனையோ அடிச்சாச்சு."

கத்தி இறங்கியது.

நாலு துண்டு போதும் என்றுதான் நினைத்திருந்தான். அட்டையில் வைத்த இறைச்சியைத் திருப்பி எடுக்கும் வழக்கம் அந்த ஜனங்களிடம் உண்டா? நாக்கு போனது, இதயம் போனது, விலா போனது. புயலுக்கு ஒதுங்கிய இன்னொரு கூட்டமும் கதவைத் திறந்துகொண்டு வந்து உட்கார்ந்தது. புத்துலிக் நொறுங்கிய இடது தோளைத் தூக்கிப் பார்த்தான். "அண்ணே, மூணு குண்டு ஒரே குழியில! இது மானா, அஞ்சல் பெட்டியா?" என்று கத்தினான். எல்லோரும் சிரித்தார்கள். இந்தமுறை மார்குசியும் சேர்ந்து சிரித்தான். தோளிலிருந்து ஒரு சீவலை வெட்டி அவன் கையில் திணித்தார்கள். அவனும் தின்றான்.

அது அவன் வாழ்க்கையிலேயே மிகச் சந்தோஷமான மத்தியானம். அதுதான் கொடுமை.

விமானம் கிளம்பிய பிறகுதான், மேகத்துக்கு மேலே, போதை தெளிந்தவன்போல் அவனுக்கு உறைத்தது. ஒரு பெட்டிதான் பாக்கி. அது லூக்காசியின் மான். கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை என்பார்கள். இவன் கைக்கு எட்டியது, எட்டக் கூடாத வாய்க்கு எட்டிவிட்டது.

உண்மையைச் சொல்லிவிடலாம் என்று மாண்ட்ரியல் வரும் வரை நூறு தரம் முடிவு செய்தான். நூறு தரமும் அவள் குரல் உடைந்தது ஞாபகம் வந்தது. இறங்கியதும் தொழிலாளர் அறைக்குப் போய்த் தன் அலமாரியிலிருந்து திருப்புளியை எடுத்தான். பெட்டியைத் திறந்தான். லூக்காசியின் மானுடைய இரண்டு தோளும் பழுதில்லாமல், அழகாக, உறைந்து கிடந்தன. இடது தோளின்மேல் திருப்புளியின் முனையை வைத்தான். மூன்று குழி குடைந்துவிட்டால் போதும். இதைவிடக் கேவலமாகப் போக வேண்டாம் என்று அதைத் தூக்கிப் போட்டுவிட்டு, பெட்டியை மூடி ஒட்டினான். உறைந்த இறைச்சியில் கிழவிக்கு என்ன தெரியப்போகிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்.

விடுதிக் கூடத்தில் பதினேழு பெண்கள் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அக்கினிசி நீலப் பூப்போட்ட மேல்சட்டை போட்டு, வெள்ளை முடியை இரண்டு பின்னலாகப் போட்டிருந்தாள். முந்தின நாள் இயந்திரத்தில் கிடந்த உடம்பு. முகம் மெழுகாக இருந்தது. ஒரு கண்ணில் கட்டோடு சியாசி முன்வரிசையில் இருந்தாள்.

"வந்துட்டான் பாரு, நான் செஞ்ச ஆம்பளை!" அக்கினிசி கையை நீட்டினாள். "வெய்யி, இங்க வெய்யி. காலடியில."

வைத்தான்.

"இது உன் முதல் வேட்டையா?" அது கேட்க வேண்டிய முறை. எல்லோர் முன்பும் கேட்டே ஆக வேண்டும்.

"ஆமா, கொடித்தாயி," என்றான். அந்த ஊரில் இல்லை என்றான். இந்த ஊரில் ஆமாம் என்றான். இரண்டும் பொய்.

"நாப்பத்தாறு வருஷம்!" என்றாள் சியாசி. "மானு பொறந்து, கெழடாகி, செத்து, மறுபடி பொறந்து வந்திருக்கு."

"உன் கண்ணுல கட்டு, வாயில இல்லையே," என்றாள் அக்கினிசி. பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

அவள் கத்தியால் நாடாவை அறுத்தாள். மற்ற எதையும் தொடாமல் நேராக இடது தோளைத் தேடி எடுத்தாள். மடியில் அட்டையைப் போட்டு அதன்மேல் வைத்துக்கொண்டாள். உறைபனியை உள்ளங்கையால் துடைத்தாள். விரல்கள் மெல்ல மெல்லத் தோள் முழுவதும் ஊர்ந்தன. மேலிருந்து கீழே, கீழிருந்து மேலே. திருப்பினாள். மறுபக்கமும் தடவினாள்.

மார்குசி அந்த விரல்களை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

அவள் விரல்கள் நின்றன. தலை நிமிரவில்லை. பார்வை மட்டும் பெட்டிக்குள் கிடந்த கழுத்தின் ஒற்றைக் குழிமேல் போய்த் திரும்பியது. ஒரு கணம், ஒரே ஒரு கணம், அந்த மெழுகு முகத்தில் இருந்த விளக்கு அணைந்தது. அதைப் பார்த்தது அவன் மட்டும்தான்.

பிறகு அவள் கத்தியை ஓங்கி அந்தத் தோளை அவசர அவசரமாக, யாரும் உற்றுப் பார்ப்பதற்குள், துண்டு துண்டாக வெட்டத் தொடங்கினாள். "பாருங்கடி!" என்று குரலை உயர்த்தினாள். "ரெண்டு தோளும் முழுசு! ஒரு எடத்துல கறி கெடல. கழுத்துல ஒரே குண்டு! நான் செஞ்சவன் அடிச்ச அடியைப் பாருங்க! முதல் துண்டு சியாசிக்கு. மெல்லு, நல்லா மெல்லு. இனிமே என் கத்தரிக்கோலைப் பத்திப் பேசுவியா?"

"பேசமாட்டேன்டி, ஆத்தா," என்றாள் வாய் நிறைய இறைச்சியோடு சியாசி.

எல்லோருக்கும் பங்கு கிடைத்தது. அக்கினிசி ஒரே ஒரு மெல்லிய சீவலை வாயில் போட்டு, இருக்கிற பல்லால் வெகுநேரம் மென்றாள்.

கூட்டம் கலைந்த பிறகு இருவர் மட்டும் இருந்தார்கள். மார்குசி தரையைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"கொடித்தாயி... நான் ஒண்ணு சொல்லணும்..."

"டீ போடு," என்றாள். அவன் போட்டான். அவள் கோப்பையைக் கையில் ஏந்திக்கொண்டு, "பசிச்சவங்களுக்கா போச்சு?" என்று மட்டும் கேட்டாள்.

ஆமாம் என்று தலையை ஆட்டினான். பசித்தவர்களா? ரொட்டி தின்று அலுத்தவர்கள். அந்தக் கேள்வியிலும் அவனுக்காக ஒரு வாசலைத் திறந்து வைத்தாள் அவள். அவன் கோழையாக அதன் வழியே நுழைந்துகொண்டான்.

"அப்ப சரி," என்றாள். "குளிருது. கதவைச் சாத்திட்டுப் போ."

ஜூன் மாதத் தொடக்கத்தில், இயந்திரத்தில் இருக்கும்போதே அவள் இதயம் நின்றது. அவளை ஊருக்கு அனுப்பிய விமானத்தில் பெட்டியை ஏற்றியது மார்குசிதான். வேறு யாரையும் தொடவிடவில்லை. இருபத்திரண்டு வருடத்தில் அவன் தூக்கிய பெட்டிகளிலேயே கனம் குறைந்ததாக அது இருந்தது. ஏற்றிவிட்டு அதே விமானத்தில் அவனும் ஏறிக்கொண்டான்.

அடக்கம் முடிந்து அவள் வீட்டில் எல்லோரும் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். கண் தெளிந்து எப்போதோ ஊர் திரும்பியிருந்த சியாசிதான் பேசினாள். "சாகற வரைக்கும் அதே பேச்சு. போன்ல எனக்குத் தினம் சொல்லுவா. டாக்டர்கிட்ட, நர்ஸுகிட்ட, தரை தொடைக்க வரவன்கிட்டக்கூட. 'பதினாறுக்குப் பதினாறு! ரெண்டு தோளும் முழுசு, கழுத்துல ஒரே குண்டு!' ஏன் லூக்காசி, நீதானே கூட இருந்தே? அப்படியா அடிச்சான்?"

வீடு முழுவதும் லூக்காசியைப் பார்த்தது. நொறுங்கிய தோளைத் தன் கையால் வெட்டிப் பெட்டியில் வைத்தவன் அவன். கழுத்தில் ஒரே குண்டு யாருடையது என்று அறிந்தவனும் அவனே. அவன் கோப்பையைக் கீழே வைத்தான். மார்குசியை ஒருமுறை பார்த்தான். ஒரு பார்வையில் அவனுக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

மார்குசி எழுந்துவிட்டான். சொல்லிவிட வேண்டும், இப்போதே, எல்லோர் முன்பும். வாயைத் திறந்தவன் சுற்றிலும் இருந்த முகங்களைப் பார்த்தான். சொன்னால் பதினாறு பதினைந்தாகிவிடும். சொன்னால் இன்று மண்ணில் வைத்தவள் பொய் சொன்னவள் ஆவாள். மன்னிப்புக் கேட்கும் வழியையும் சேர்த்து அவள் புதைத்துக்கொண்டு போய்விட்டாள்.

"ஆமா," என்றான் லூக்காசி. "அப்படித்தான் அடிச்சான். நான் பாத்தேன்."

மார்குசி மெல்ல உட்கார்ந்தான்.

மறுநாள் ஓடுபாதை ஓரத்தில் சின்ன விமானம் காத்திருந்தது. சரக்கு ஏற்றுகிறவன், "பெட்டி எதுவும் இல்லையா?" என்று கேட்டான். மார்குசி இல்லை என்று தலையை ஆட்டினான்.

லூக்காசி தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டுக்கொண்டான். "மார்ச்சுல வா, மச்சான். இன்னொண்ணு அடிக்கலாம்."

"யாருக்கு?" என்றான் மார்குசி.

விமானத்தின் விசிறி சுழலத் தொடங்கியிருந்தது. மார்குசி படியேறிவிட்டான்.